"எல்லா பெல்ட் மாணவர்களும் வரலாம்" என்ற வரியை நம்பி நான்கு நாள் கராத்தே முகாமுக்குச் சென்ற அனுபவம்

நான்கு நாள் தங்கிப் பயிலும் கராத்தே முகாம் ஒன்றுக்கு முழுக் கட்டணம் செலுத்திச் சென்று, கற்றுக்கொண்டதைவிட அதிகமாகச் சுமந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கீழ்நிலை பெல்ட்டில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட முகாம்களுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள், அல்லது தங்கள் பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். முகாமை நடத்தியவர்களின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இதே முறையில் நடத்துகிறவர்கள் வேறு பலரும் இருக்கக்கூடும்.

நான் ஷோட்டோகான் என்ற கராத்தே முறையில் ஏழாம் கியூ (பிளாக் பெல்ட்டுக்குக் கீழுள்ள படிநிலைகளுக்கு கியூ என்று பெயர்) மாணவன். எங்கள் பயிற்சிக்கூடத்தில் அதற்கு ஆரஞ்சு பெல்ட். ஹெய்யான் என்ற பெயரிலுள்ள ஐந்து கட்டாக்களில் (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகளில்) மூன்றை முடித்து, நான்காவதான ஹெய்யான் யோண்டானைப் பழகிக்கொண்டிருந்த நேரம் அது. கஷ்ஷுகு என்று ஜப்பானிய மொழியில் வழங்கும் இத்தகைய முகாம்களில் காலையும் மாலையும் இடைவிடாமல் பயிற்சி நடப்பதால், வாரத்துக்கு இரண்டு வகுப்புகளில் பல மாதங்கள் பிடிக்கும் திருத்தங்கள் சில நாட்களிலேயே உடலில் படிந்துவிடும் என்று மூத்த மாணவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். நல்ல முகாம்களில் அது உண்மைதான். இந்த முகாமின் அறிவிப்பில் "எல்லா பெல்ட் மாணவர்களும் வரலாம், நிலைக்கேற்பத் தனித்தனிக் குழுக்கள், தலைமைப் பயிற்சியாளர் நேரடியாகக் கற்பிப்பார், நிறைவு நாளில் சர்வதேசச் சான்றிதழ்" என்று நான்கு வாக்குறுதிகள் இருந்தன.

முதல் நாள் காலையில் தனித்தனிக் குழுக்கள் உண்மையிலேயே பிரிக்கப்பட்டன. பிளாக் பெல்ட் மற்றும் பிரவுன் பெல்ட் மாணவர்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் பெரிய கூடத்துக்குச் சென்றார்கள். மற்ற நாங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், வெள்ளை பெல்ட் முதல் பச்சை பெல்ட் வரை ஒரே கூட்டமாக, வெளியே திறந்தவெளியில் நிறுத்தப்பட்டோம். எங்களுக்குக் கிடைத்த பயிற்சியாளர், தானே முகாமில் பயிலப் பணம் கட்டி வந்த ஓர் இளம் பிரவுன் பெல்ட் மாணவர் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. தன் வகுப்பை இழந்துவிட்டு எங்களுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த அவரும் என்னைப்போல் ஏமாற்றப்பட்டவர்தான். கட்டா என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதல் ஹெய்யானையே திரும்பத் திரும்பச் செய்யும்படி அவருக்கு உத்தரவு. இரண்டு நாட்களில் அதை எத்தனை முறை செய்தோம் என்ற கணக்கை விட்டுவிட்டேன், பின்னால் சொல்லப்போகும் ஒரே ஒரு முறையைத் தவிர, ஒருவருடைய நிலையைக்கூட யாரும் கை வைத்துத் திருத்தவில்லை.

இதில் எனக்குக் கசந்த முரண் ஒன்று உண்டு. ஹெய்யான் கட்டாக்கள் உருவானதே தொடக்கநிலை மாணவர்களுக்காகத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒகினாவாத் தீவுப் பள்ளிக்கூடங்களுக்குக் கராத்தேயைக் கொண்டுசென்ற அன்கோ இதோசு, சிறுவர்கள் படிப்படியாகக் கற்கும்பொருட்டு பினான் என்ற பெயரில் அவற்றை வகுத்தார். பின்னர் ஷோட்டோகான் முறையை உருவாக்கிய கிச்சின் ஃபுனகோஷி அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயர் மாற்றியதோடு, முதல் இரண்டின் வரிசையையும் கற்பதற்கு எளிதாக இடம் மாற்றி வைத்தார். புதிதாக வருகிறவனுக்கு எதை முதலில் கற்பிக்க வேண்டும் என்பது குறித்து இவ்வளவு கவலைப்பட்டவர்களின் படங்கள் அந்தக் கூடத்தின் சுவரில் மாலையுடன் தொங்கின. அவற்றுக்குக் கீழே எங்களுக்கு இடமில்லை.

உள்ளே அழைக்கப்படவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரவுன் பெல்ட் மாணவர்கள் உதைக்கும்போது பேட் பிடிக்க அழைக்கப்பட்டோம். பாய்களை அடுக்கவும் கூடத்தைத் துடைக்கவும் அழைக்கப்பட்டோம். பயிற்சி முடிந்ததும் கூடத்தைத் துடைப்பது எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் உள்ள வழக்கம்தான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் வகுப்பு நடக்கும் நேரத்தில், வகுப்புக்குப் பதிலாக அந்த வேலையைத் தருவது வேறு. இதைப் பணிவாகக் கேட்டபோது ஒருங்கிணைப்பாளர், "இது பல நூறு ஆண்டு மரபு, பெல்ட்டுக்குரிய இடத்தில் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். கியூ, டான் (பிளாக் பெல்ட் நிலைகள்) என்ற படிநிலை ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ வகுத்த முறையிலிருந்து கராத்தேக்கு வந்தது. ஃபுனகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் நிலைகளை வழங்கியது 1924-ஆம் ஆண்டில்தான். நூறு ஆண்டுகளைச் சற்றே கடந்த ஓர் ஏற்பாட்டைப் பல நூற்றாண்டு மரபாக்கி எங்கள் வாயை அடைத்தார்கள். அப்போது எனக்கும் இது நினைவுக்கு வரவில்லை. கராத்தேயில் பணிந்து ஒப்புக்கொள்ளும் சொல்லான "ஓஸ்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நடந்தவை இதைவிட மோசமானவை. காலைப் பயிற்சி இரண்டரை மணி நேரம் வெயிலில் நடந்தது. தண்ணீர் குடிப்பது மனவுறுதியைக் குறைக்கும் என்று கூறி இடைவேளை மறுக்கப்பட்டது. அணி தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக, குந்திய நிலையில் மைதானத்தைச் சுற்றித் தவளைபோல் தாவச் சொன்னார்கள். இவ்விரண்டு பழக்கங்களும் பழைய ஜப்பானிய விளையாட்டுப் பயிற்சியிலிருந்து வந்தவை. அந்நாட்டிலேயே, முழங்காலைச் சிதைக்கிறது என்பதற்காகத் தாவலும், வெப்பத்தால் மயக்கம் வருகிறது என்பதற்காகத் தண்ணீர்த் தடையும் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டுவிட்டன. என்னோடு அறையில் தங்கியிருந்த வெள்ளை பெல்ட் மாணவர் ஒருவர், கராத்தேயில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவர், அன்று மாலை தொடைகளை மடக்க முடியாமல் துடித்தார்; இரவில் அவருடைய சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனது. உடல் பழகாத கடும் பயிற்சியால் தசை இழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும்போது தெரியும் அடையாளம் அது. பயிற்சிக்குப் பின் இரண்டொரு நாட்கள் தசை வலிப்பது இயல்பு. நிறம் மாறுவது இயல்பல்ல, தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியதும் அல்ல. முகாமில் மருத்துவர் இல்லை, வாகன ஏற்பாடும் இல்லை. நாங்கள் இருவர்தான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நரம்பு வழியாக நீர் ஏற்றியதில் அவர் தேறிவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில், எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றது என்ற ஒரே காரணத்துக்காக, என்னை ஒரு பிரவுன் பெல்ட் மாணவருடன் ஜியூ குமித்தே எனப்படும் தடையற்ற சண்டைப் பயிற்சியில் நிறுத்தினார்கள். என் நிலையில் இருப்பவர்கள் செய்வது, தாக்கப்படும் இடமும் நுட்பமும் முன்கூட்டியே சொல்லப்படும் ஐந்தடிக் குமித்தேயும் ஓரடிக் குமித்தேயும்தான். தடையற்ற சண்டைப் பயிற்சிக்கு வருவதற்குள், தூரத்தைக் கணிக்கவும் அடியை உடலுக்கு முன் நிறுத்தவும் உடல் பழகியிருக்க வேண்டும். வாய்க்காப்பு கொண்டுவர வேண்டும் என்று பொருட்பட்டியலில் எழுதப்படவே இல்லை. பத்து நொடிகளுக்குள் என் மேலுதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. முதலுதவிப் பெட்டி பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு நாட்களில் தலைமைப் பயிற்சியாளர் எங்கள் பக்கம் வந்தது ஒரே ஒரு முறை, இரண்டாம் நாள் மாலையில். ஹெய்யான் யோண்டானின் முதல் அசைவிலேயே வரும் பின்நிலையில் நான் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு, மண்டியிட்டு என் பின்முழங்காலை வெளிப்புறமாகத் தள்ளி, இடுப்பைப் பின்னுக்கு இழுத்தார். பாரத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு பின்காலில் இருக்க வேண்டிய அந்த நிலையில், பல மாதங்களாக நான் இரு கால்களிலும் சமமாக நின்றுகொண்டிருந்திருக்கிறேன். இரண்டே நிமிடம். அவர் அற்புதமான ஆசிரியர் என்பதில் எனக்கு ஐயமில்லை, அதனாலேயே மீதி நேரம் கொடுக்கப்படாதது அதிகமாக உறுத்துகிறது. உடன் வந்திருந்த புகைப்படக்காரர் அந்த இரண்டு நிமிடமும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். படம் எடுத்து முடிந்ததும் இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

நிறைவு நாளின் சான்றிதழைப் பெறுவதற்குத் தனிக் கட்டணம் என்பது அன்றுதான் அறிவிக்கப்பட்டது. செலுத்தியவர்களின் தாளில் பதிவு எண் இல்லை, தேர்வாளரின் பெயரும் டான் நிலையும் இல்லை. பெரிய முத்திரை மட்டும் இருந்தது. கியூ நிலைகளை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக வழங்கும் உலக அமைப்பு எதுவும் கிடையாது. பெல்ட் நிறங்களின் வரிசைகூடப் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே உங்கள் சொந்த ஆசிரியர் ஏற்கும் சான்றிதழா என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். என் ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள், தேர்வுக்கு வழக்கம்போல் வா" என்றார்.

கட்டணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தரும்படி எழுதியதற்கு, நான் கையெழுத்திட்ட படிவத்தின் படத்தை அனுப்பினார்கள். காயங்களுக்கும் நிகழ்ச்சி நிரல் மாற்றங்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வரி அதில் இருந்தது. வந்து இறங்கிய இரவில், வரிசையில் நின்றபடி, படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நாள்வாரியாக, பெல்ட்வாரியாக, எந்த வகுப்பை யார் எடுக்கிறார் என்று பெயருடன் கூடிய கால அட்டவணையைக் கேளுங்கள். உண்மையாக நடத்துகிறவர்களிடம் அது தயாராக இருக்கும். "வந்து பாருங்கள்" என்று பதில் வந்தால் போக வேண்டாம். கீழ்நிலை மாணவர்களை எந்த வகைக் குமித்தேயில் நிறுத்துவார்கள், முதலுதவிக்கு யார் பொறுப்பு, தண்ணீர் இடைவேளை எப்போது என்பவற்றைக் கேட்பதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர், அங்கே போன பிறகு கேட்டாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

அடுத்த முகாமுக்கான அறிவிப்பு சென்ற வாரம் வெளியாகியிருக்கிறது. "எல்லா பெல்ட் மாணவர்களும் வரலாம்" என்ற அதே வரிக்கு மேலே, தலைமைப் பயிற்சியாளர் மண்டியிட்டு ஓர் ஆரஞ்சு பெல்ட் மாணவனின் பின்முழங்காலைத் திருத்தும் புகைப்படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மாணவன் நான்தான்.