லோயர் பண்ணிய சிவிக்கின் பின் சக்கரம்: மூன்று வருஷ அனுபவம்

வண்டி 2010 ஹோண்டா சிவிக், 1.8, மேனுவல். கோயம்புத்தூரில் ஓடுகிறது. சுமார் 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் செட் போட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன்பக்கம் பெரிதாகத் தொல்லை தரவில்லை. டயரைத் தின்றதும் காசைத் தின்றதும் பின்பக்கம்தான்.

ஸ்விஃப்ட், போலோ, ஐ20 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. அவற்றில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். வண்டியை இறக்கினாலும் சக்கரத்தின் சாய்வு அநேகமாக மாறாது. மாற்றவும் வழி கிடையாது, ரொம்பக் கோணல் என்றால் சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைப்பார்கள், அவ்வளவுதான். சிவிக்கில் பின் சக்கரங்கள் தனித்தனி. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சட்டங்களில் (ஆர்ம்) மேல் ஆர்ம் நீளம் குறைவு, கீழே உள்ளது அதிகம். உடம்பு கீழே இறங்க இறங்க, மேல் ஆர்ம் டயரின் தலையை உள்ளே இழுக்கும். அதுதான் மைனஸ் கேம்பர். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு டயரும் தலையை உள்பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

ஸ்பிரிங் போட்ட சில மாதத்தில் அவிநாசி ரோட்டில் 70ஐத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம். வேகம் கூடக் கூட சத்தமும் கூடும். முதலில் பார்த்த பட்டறையில், "வீல் பேரிங் போயிருச்சுங்க சார்" என்றார்கள். லிஃப்டில் ஏற்றிக் கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங் சத்தமே இல்லை. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவியதும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்குகிறது, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் மாதிரி பிடிக்கிறது. உள் ஓரத்தில் தேய்மானம் இன்னும் மோசம். நின்றுகொண்டு பார்த்தால் டயர் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்தால்தான் தெரியும்.

அலைன்மென்ட் அதற்கு முன்பே பார்த்திருந்தோம். "மெஷின்ல எல்லாம் பச்சைதானுங்களே" என்று பிரிண்டும் கொடுத்தார்கள். அந்தப் பச்சையில்தான் சிக்கல். பின்னால் இடது சக்கரம் 0.30 டிகிரி உள்பக்கம் திரும்பியிருந்தது, வலது சக்கரம் 0.05 டிகிரி வெளிப்பக்கம். வெளிப்பக்கம் மைனஸ் கணக்கு என்பதால் இரண்டையும் கூட்டினால் 0.25, அளவுக்குள் வந்துவிடுகிறது, பச்சை. ஆனால் இரண்டு சக்கரமும் வலப்பக்கம்தான் பார்க்கின்றன. பின்பக்கம் ஒரு திசையில் தள்ள, வண்டி உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டே நேர் ரோட்டில் போகும். ஸ்டீயரிங் நேராக இல்லை என்று சொன்னதற்கு முன் சக்கரத்தைத் திருப்பும் டை ராடைத் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கிக் கொடுத்தார்கள். நோய் பின்னால் இருக்க, மருந்து முன்னால். பிரிண்ட் வாங்கினால் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, பின் இடது, பின் வலது, த்ரஸ்ட் ஆங்கிள் (பின் சக்கரங்கள் சேர்ந்து வண்டியைத் தள்ளும் திசையின் கோணம்) மூன்றையும் தனியாகப் பாருங்கள்.

எல்லோரும் கேம்பரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். என் வண்டியில் அது இடது மைனஸ் 2.6, வலது மைனஸ் 2.3. அதிகம்தான். ஆனால் டயரைச் சாகடிப்பது டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். கால் டிகிரி டோ என்றால் 15 அங்குல ரிம்மில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம், கண்ணுக்கே தெரியாது. அந்தக் கால் டிகிரியோடு 1,000 கிலோமீட்டர் ஓடினால் டயர் 4 கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கேம்பர் செய்வது, அந்தத் தேய்ப்பு எந்த ஓரத்தில் விழும் என்று இடம் காட்டுவது. டோ சரியாக இருந்தால் மைனஸ் 2 கேம்பரோடு டயர் தாராளமாக உழைக்கும்.

சரி, டோவைத் திருத்தலாம் என்றால் போல்ட் அசையவில்லை. சிவிக்கில் பின் டோவை மாற்ற ஆர்மின் உள்முனையில் எக்சென்ட்ரிக் போல்ட் உண்டு, திருப்பினால் ஆர்மின் முனை நகரும். பழைய வண்டியில் அந்தப் போல்ட், ஆர்மின் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட்டு கழன்று வரும், போல்ட் திரும்பாது. சூடு காட்டினால் ரப்பர் போய்விடும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டும் வலது பக்கம் மட்டும்தான் வந்தது. இடது பக்கத்தை பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, புது போல்ட், புது புஷ் போட்டோம். புதுப் போல்டில் கிரீஸ் தடவிப் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை அறுக்க வேண்டியிருக்காது.

அதோடு கேம்பரைக் குறைக்க, நீளத்தைச் சரிசெய்யக்கூடிய மேல் ஆர்ம் ஒரு ஜோடி போட்டோம், தைவான் சரக்கு. இதில் ரப்பர் புஷ் வைத்ததும் கிடைக்கும், உருண்டை பேரிங் வைத்ததும் கிடைக்கும். நம் ரோட்டுக்கு ரப்பர்தான். பேரிங் வைத்தது ரேஸ் டிராக்குக்குச் சரி. மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போனால் கொஞ்ச நாளில் டொக் டொக் என்று அடிக்கத் தொடங்கும்.

பல பட்டறைகளில் கவனிக்காமல் விடும் ஒரு வேலை உண்டு. இந்த ரப்பர் புஷ்கள் உருளுவதில்லை, முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் காற்றில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிஷத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கிழியும், அதுவரை உயரமும் சரியாக உட்காராது, பார்த்த அலைன்மென்டும் நகர்ந்துவிடும். ஸ்பிரிங் மாற்றியபோது என் வண்டியில் அப்படித்தான் இறுக்கியிருந்தார்கள். இந்த முறை பட்டறை அண்ணன் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, சக்கரத்தை ஓடும் உயரத்துக்குத் தூக்கி, அப்புறம்தான் எல்லா போல்ட்டையும் இறுக்கினார். இதை மட்டும் செய்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

அலைன்மென்டில் வரிசை முக்கியம். காற்றழுத்தம் சரிபார்த்து, முதலில் பின் கேம்பர், பிறகு பின் டோ, கடைசியில் ஸ்டீயரிங்கைப் பூட்டி முன் டோ. கேம்பரைத் தொட்டால் டோ நகரும். ஆகவே மாற்றிச் செய்தால் இரட்டை வேலை. இரண்டு பக்கமும் மைனஸ் 1.6 கேம்பர், பக்கத்துக்கு 0.10 உள் டோ என்று வைத்தோம். கேம்பரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரக் கேட்காதீர்கள். கம்பெனி அமைப்பிலேயே பின்னால் கொஞ்சம் மைனஸ் உண்டு, வளைவில் பின்பக்கம் வழுக்காமல் இருக்க அது வேண்டும்.

புது டயரோடு அதற்குப் பிறகு 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியாகிவிட்டது. உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் பள்ளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ரீங்காரம் இல்லை. மேல் ஆர்மின் நீளத்தைப் பூட்டும் லாக் நட்டுக்கும் அந்த ஆர்முக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். சர்வீஸுக்கு ஏற்றும்போது கோடு உடையாமல் இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். இதுவரை ஒரு தடவை, பெரிய குழியில் விழுந்த பிறகு, வலது டோ மட்டும் சற்று நகர்ந்திருந்தது.

குறையும் உண்டு. சிவிக் ஏற்கெனவே வேகத்தடையில் வயிறு தட்டும் வண்டி. இப்போது தெருவுக்குள் எல்லாத் தடையையும் சாய்வாகத்தான் ஏற வேண்டும். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவையும் படித்துவிட்டு ஸ்பிரிங்கில் கை வையுங்கள்.

ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகப் பழனி போனால் பின்பக்கம் இன்னும் இறங்கி, கேம்பர் 2ஐத் தாண்டிவிடும். நான் அப்படிப் போவது எப்போதாவதுதான் என்பதால் விட்டுவிட்டேன். தினமும் ஆள் ஏற்றுபவர்கள் அந்த எடைக்கு மூட்டையைப் பின் சீட்டில் வைத்துவிட்டு அலைன்மென்ட் பார்ப்பது நல்லது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.