டூயல் பூட் மெஷினா? செங்கோட்டை மாடிக் கடைக்குக் கொண்டு போங்க

செங்கோட்டைல டிடிபி கடை வச்சிருக்கேன். 1956 வரைக்கும் கேரளப் பக்கத்தோட இருந்த ஊரு. தமிழோட மலையாளத்தில அச்சான பழைய காகிதமும் டைப் பண்ண வரும். அதனால ஒரே மெஷின்ல ரெண்டு சிஸ்டம், அதான் டூயல் பூட்: போட்டோஷாப்புக்கு விண்டோஸ், ஸ்கேன் பண்ணின பக்கத்தை டெசராக்ட்ல எழுத்தாக்க உபுண்டுங்கிற லினக்ஸ். 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி.

விண்டோஸ்ல சி டிரைவ் எந்நேரமும் சிவப்பு. உபுண்டுல பெரிய ஃபைலைப் போட்டா பாதியிலேயே புரோகிராம் செத்துரும். வேற ஒரு கடைல கேட்டதுக்கு, "லினக்ஸை எடுத்துட்டு ராம் வாங்கிப் போடுங்க"ன்னுட்டாங்க.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிக் கடை அண்ணாச்சி அப்படிச் சொல்லல. உபுண்டுவை ஓடவிட்டு முதல்ல மெமரி கணக்கு காட்டுற 'ஃப்ரீ -எச்' கட்டளையை அடிச்சாரு. ஸ்வாப், அதாவது ராம் பத்தாதப்போ டிஸ்க்ல எடுத்துக்கிற இடம், அந்த வரிசையில பூஜ்யம். "இதைப் பாருங்கக்கா"ன்னு திரையை என் பக்கம் திருப்பினாரு. விண்டோஸை மறுபடி ஏத்தினப்போ யாரோ ஸ்வாப் பார்ட்டிஷனையும் ஃபார்மேட் பண்ணிட்டாங்க. பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனைச் சேர்க்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் கோப்புல பழைய யூயூஐடி (பார்ட்டிஷனோட அடையாள எண்) அப்படியே கிடக்கு. இல்லாத பார்ட்டிஷனைத் தேடித்தான் தினமும் பூட் ஆகும்போது ஒன்றரை நிமிஷம் நின்னுட்டிருந்திருக்கு! ஸ்வாப்பைத் திரும்ப உருவாக்குற 'எம்கேஸ்வாப்' ஓட்டி, புது எண்ணை எஃப்எஸ்டேப்ல போட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் காத்திருப்பே இல்ல.

விண்டோஸ்ல ஸ்வாப் மாதிரி வேலை செய்யுற பேஜ்ஃபைல் மட்டும் 10 ஜிபிக்கு மேல வீங்கி இருந்துச்சு. தானா நிர்வகிக்கிற டிக்கை எடுத்துட்டு, ஆரம்ப அளவு 4096, உச்சம் 8192 எம்பின்னு வச்சாரு. 'செட்' பட்டனை அழுத்தாம ஓகே குடுத்தா மாத்தினது பதியாதுன்னு காட்டியும் குடுத்தாரு. ராம்ல இருக்கறதை டிஸ்க்ல எழுதி வச்சுத் தூங்குற ஹைபர்னேட்டை அணைச்சதுல இன்னொரு 3 ஜிபி மிச்சம். அதோட, விண்டோஸை முழுசா அணைக்காம டிரைவைப் பிடிச்சு வச்சிருக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போயிருச்சு. இப்போ உபுண்டுலேருந்து டி டிரைவ்ல தாராளமா எழுத முடியுது. முன்னாடி படிக்க மட்டும்தான் விடும்.

பேஜ்ஃபைலையே ரெண்டுக்கும் பொதுவா வைக்கலாமான்னு கேட்டேன். வேண்டாம், அததுக்குத் தனித்தனியா இருக்கட்டும்னாரு. போட்டோஷாப்பும் குரோமும் சேர்ந்து ஓடினா ஸ்வாப் இருந்தும் மெதுவாத்தான் போகும், அந்த வேலை கூடுச்சுன்னா அப்போ ராம் வாங்கிக்கலாம்னு அவரே சொன்னாரு. விக்க ராம் கையில வச்சிருந்தும் இப்படிச் சொன்ன ஆளை நான் நம்புறேன். கூலி 500 ரூபாய்.

குறைன்னா, என்ன மாத்தினோம்னு எழுதித் தர்ற பழக்கம் அவருக்கு இல்ல. நான் கேட்டு பில் பின்னாடி எழுதி வாங்கிக்கிட்டேன், நீங்களும் கேளுங்க. மதியம் ரொம்ப நேரம் கடை பூட்டியிருக்கும், சாயங்காலமாப் போங்க. ரெண்டு சிஸ்டத்தோட பாஸ்வேர்டும் கையில இருக்கணும். டிரைவைப் பூட்டுற பிட்லாக்கர் போட்டிருந்தா ரெக்கவரி கீயையும் எடுத்துக்கிட்டுப் போங்க.