ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு எஸ்கியூஎல் சர்வர் ஓடாது என்றால் நம்பாதீர்கள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மண்டியோ கடையோ வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எஸ்கியூஎல் சர்வர் என்பது கணக்குப் பதிவுகளைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். எங்கள் மாங்காய் மண்டிக் கணக்கு முழுக்க அதன் 2014 வெர்ஷனில், எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பில் இருந்தது. அந்த மண்டி மென்பொருள் வேறு வெர்ஷனை ஏற்காது. புதிதாக வாங்கிய ஜிஎஸ்டி பில்லிங்குக்கோ 2019 வேண்டும். போட்டுக்கொடுக்க வந்த சர்வீஸ்காரர், "ரெண்டு வெர்ஷன் ஒரே சிஸ்டத்துல ஓடாதுங்க, பழசை எடுத்தாத்தான் ஆகும்" என்று சாதித்தார். 2014-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2024 ஜூலையோடு நின்றுவிட்டது, அது உண்மை. அதைச் சொல்லியே வாயை அடைத்தார். பேக்கப் எடுங்கள் என்று அப்பா கேட்டதற்கு, "ஃபைல் எங்கயும் போகாதுங்க" என்று சொல்லிவிட்டு 2014-ஐ நீக்கினார். கணக்கு இருந்த எம்டிஎஃப் கோப்பை நேராக 2019-இல் இணைத்தார்.

பில்லிங் ஓடியது, மண்டிக் கணக்கு திறக்கவில்லை. பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம் என்றே சொல்ல முடியாமல், காசு வாங்க வந்த விவசாயிகள் வாசலில் காத்திருந்தார்கள். சர்வீஸ்காரர் மறுபடி வந்து 2014-ஐப் போட்டார். கோப்பு 904-ஆம் வெர்ஷன், இந்த சர்வர் 782 வரைதான் ஏற்கும் என்று திரையில் பிழை வந்தது. 904 என்பது 2019-இன் உள் எண், 782 என்பது 2014-இன் எண். புதியதில் ஒருமுறை இணைத்துவிட்டால் கோப்பே மாறிவிடும், அந்தக் கோப்பைப் பழையதில் திறக்க வழியில்லை. 2019-இல் எடுத்த பேக்கப்பும் 2014-இல் ஏறாது.

இவரோ "ஃபைல் கெட்டுப்போச்சு, ரெக்கவரிக்குத் தனியா ஆகும்" என்று பணம் கேட்டார். கோப்பு கெடவே இல்லை! அவர் செய்த வேலைக்கு நம்மிடமே அபராதம். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் ஓசூரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் வந்து, 2019-இல் இருந்த பதிவுகளை ஸ்க்ரிப்டாக, அதாவது அவற்றை மறுபடி எழுதும் கட்டளைகளாக எடுத்து 2014-இல் ஏற்றிக் கொடுத்தார். இப்போது இரண்டும் அதே கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இன்ஸ்டன்ஸ் (தனித்தனியாக ஓடும் சர்வர் நிறுவல்) பெயர், தனி ஃபோல்டர், அவ்வளவுதான். எக்ஸ்பிரஸுக்குக் காசும் கிடையாது. ரேம் குறைவாக இருந்தால் மெதுவாகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் வந்தாலும் முதலில் பழைய வெர்ஷனிலேயே பேக்கப் எடுக்கச் சொல்லி, அதைப் பென்டிரைவில் கையில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்க விடுங்கள். மறுத்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.