செட்டிநாட்டு வளவை ஒரே படத்தில் அடக்க எந்த வைடு அடாப்டர்?

செட்டிநாட்டு வீட்டைப் படமெடுக்கப் போகிற யாருக்கும் முதல் தடை முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவர்தான். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் சேர்ந்த பகுதியில், சுவரோடு ஒட்டி நின்றாலும் எதிர்த் தாழ்வாரத்துத் தூண் வரிசையில் பாதிதான் படத்துக்குள் வரும். இன்னும் இரண்டடி பின்னால் நகர வழி கிடையாது. அலமாரியில் கிடக்கும் பழைய காம்பாக்ட் கேமராவுக்கு முன்னால் ஒரு வைடு அடாப்டரை, அதாவது காட்சியை அகலமாக்கும் கூடுதல் லென்ஸை, மாட்டி இதைச் சமாளிக்கலாமா என்று காரைக்குடிப் பக்கத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சமாளிக்கலாம். ஆனால் எதை மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் ஒரே கேமராவில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். கேமரா, 2008-இல் வந்த கேனன் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ். 8 மெகாபிக்சல், 35 முதல் 140 மி.மீ. வரை ஜூம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஏ570 ஐஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

முதலில் கணக்கு. அடாப்டரின் மேல் 0.7 என்று போட்டிருந்தால் கேமராவின் மி.மீ.-யை 0.7-ஆல் பெருக்க வேண்டும். 35 மி.மீ. என்பது 24.5 ஆகிவிடும். மி.மீ. குறையக் குறையப் படத்துக்குள் வருகிற அகலம் கூடும். இந்த வகைக் கேமராவில் 35 மி.மீ.-யில் ஒரு சுவரிலிருந்து 10 அடி தள்ளி நின்றால் ஏறக்குறைய 10 அடி அகலம் தெரியும். 0.7 அடாப்டர் போட்டால் அதே இடத்திலிருந்து 14 அடி தெரியும். உயரத்தில் ஏழரை அடி பத்தரை அடி ஆகும். வளவில் இந்த நான்கு அடி என்பது பெரிய விஷயம். ஓரத்தில் வெட்டுப்படுகிற தூண் முழுசாக உள்ளே வந்துவிடும்.

அப்படியென்றால் எண் குறையக் குறைய நல்லதுதானே, 0.45 வாங்கினால் 22 அடி தெரியுமே என்று தோன்றும். மலிவு அடாப்டர் விற்பவர்கள் நம்பியிருப்பதும் இந்த ஆசையைத்தான். கேமரா தயாரிப்பாளர்கள் தாங்களே செய்து விற்ற அடாப்டர்களைப் பாருங்கள். கேனன் இந்த ஏ வரிசைக்குக் கொடுத்தது 0.7. பானாசோனிக் எல்எக்ஸ்3-க்குக் கொடுத்தது 0.75. ரிக்கோ ஜிஆர் டிஜிட்டலுக்கும் 0.75. ஃபியூஜி எக்ஸ்100-க்கு வெறும் 0.8. நல்ல கண்ணாடியும் நல்ல பொறியாளர்களும் கையில் இருக்கிறவர்களே அதற்குக் கீழே இறங்கவில்லை. இறங்கினால் படத்தின் நான்கு மூலைகளும் கெட்டுப்போகும் என்பதுதான் காரணம். மூலை கெடாமல் இறங்க வேண்டுமானால் அடாப்டர் பெரிதாகும், கனக்கும், விலையும் ஏறும்.

மூலை கெட்டால் என்ன என்று கேட்கலாம். கடற்கரையில் எடுத்தால் ஒன்றுமில்லை, மூலையில் மணலும் வானமும்தான் இருக்கும். ஆனால் செட்டிநாட்டு வீட்டில் படத்தின் எந்த மூலையைத் தொட்டாலும் ஒரு வேலைப்பாடு இருக்கிறது. கீழ் மூலையில் ஆத்தங்குடிக் கல், மேல் மூலையில் உத்தரமும் அதன் செதுக்கலும், இரண்டு பக்கமும் பர்மா தேக்குத் தூண். போதாததற்கு எல்லாமே நேர்கோடு. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, கையாலேயே செய்கிற அந்தத் தரைக்கல்லில் கல்லுக்குக் கல் பூ லேசாக மாறும், ஆனால் கல் சந்திக்கும் கோடு மட்டும் வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிசகாமல் ஓடும். லென்ஸ் செய்யும் தப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனைத் தாள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அடாப்டரைச் சோதிக்க வேண்டுமா, அந்தத் தரையில் கேமராவை மட்டமாகப் பிடித்து ஒரு படம் எடுத்துவிட்டு நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். போதும்.

0.45 மலிவு அடாப்டர்

இது எங்கும் கிடைக்கிறது. அதே அடாப்டர் பல பெயர்களில் வரும். மேல் பாதி வைடு, கீழ்ப் பாதி மேக்ரோ, இரண்டும் மரையால் சேர்ந்திருக்கும். ஏ590-இல் அடாப்டரைத் தாங்கும் குழாயில் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) மாட்டியதுமே நான்கு மூலையும் கறுத்துவிடுகிறது. ஒரு வட்டத்துக்குள்தான் படம். கறுப்பு போகும் வரை ஜூமைத் தள்ள வேண்டும். உதாரணத்துக்கு 49 மி.மீ. வரை தள்ளினால் 0.45-ஆல் பெருக்கி 22 வரும். ஆக, 16 மி.மீ. கிடைக்கும் என்று வாங்கியதில் 22-தான் மிஞ்சும். ஒழுங்கான 0.7 தருகிற 24.5-க்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. மிஞ்சுகிற படத்திலும் ஓரங்கள் கரைந்து, தூணின் விளிம்பில் ஊதாக் கோடு ஓடுகிறது. தரைக்கல்லின் பூ மூலைக்குப் போகப் போக வெறும் கறையாகத் தெரிகிறது.

இதில் உருப்படியானது அந்தக் கீழ்ப் பாதி மேக்ரோதான். அதைத் தனியாகக் கழற்றி மாட்டினால் கதவுச் செதுக்கலையும் பித்தளைக் குமிழையும் மிக அருகில் போய் எடுக்கலாம். அதற்காக வாங்குகிறேன் என்றால் சரி. வளவுக்காக வாங்காதீர்கள்.

காந்த வளையத்தில் ஒட்டுகிற வகை

மரையே இல்லாத மெல்லிய கேமராக்களுக்கு இதை விற்கிறார்கள். லென்ஸின் முன் விளிம்பில் ஓர் உலோக வளையத்தை ஒட்டிவிட வேண்டும், அடாப்டர் காந்தத்தால் அதில் உட்காரும். எனக்கு இது கொஞ்சமும் சம்மதமில்லை. உள்ளே போய் வெளியே வருகிற லென்ஸ் குழலின் நுனியில் அந்தக் கனம் தொங்குகிறது. அந்தக் குழலை நகர்த்தும் மோட்டார் தன் லென்ஸை மட்டும் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. வளையம் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டிவிட்டாலும் லென்ஸை மூடும் இமைகள் அதில் இடிக்கும். சித்திரை வெயிலில் பைக்குள் கிடந்த கேமராவில் பசை இளகினால் இந்த இடப்பிசகு தானாகவே வந்துவிடும்.

0.7 அடாப்டரும் அதன் குழாயும்

என் ஓட்டு இதற்குத்தான். ஏ590-இல் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அருகில் உள்ள பொத்தானை அழுத்தித் திருகினால் அது கழன்று வரும். அந்த இடத்தில் எல்ஏ-டிசி52ஜி என்ற குழாயை மாட்ட வேண்டும். அதன் மறுமுனையில் 52 மி.மீ. மரை. அதில் கேனனின் டபிள்யூசி-டிசி52 என்ற 0.7 அடாப்டரைத் திருகலாம். குழாய் கேமராவின் உடலில் மாட்டுகிறது, லென்ஸில் இல்லை. அதனால் எவ்வளவு கனத்தை முன்னால் வைத்தாலும் மோட்டாருக்குத் தொந்தரவு கிடையாது. லென்ஸ் அந்தக் குழாய்க்குள்ளேயே தாராளமாக நீண்டு சுருங்கும்.

குழாயில் காசை மிச்சம் பிடிக்கலாம். வெளி நிறுவனங்கள் செய்த குழாய்கள் கேனனுடையதைவிட மலிவு, செய்கிற வேலை ஒன்றுதான், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லையே. நீளம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் கேமராவை ஆன் செய்ததும் நீளும் லென்ஸ் அடாப்டரின் பின்கண்ணாடியில் போய் முட்டும். நீளமாக இருந்தால் மூலைகள் கறுக்கும். உங்கள் கேமராவின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், 52 மி.மீ. என்று மட்டும் சொன்னால் போதாது.

படம் எப்படி? நடுவில் அடாப்டர் போட்டதே தெரியாது. ஓரத்துத் தூண்கள் லேசாக வெளிப்பக்கம் வளையும். ஒரு வீட்டில் கேமராவின் திரையில் படத்தைக் காட்டியபோது, "ஏந்தம்பி, நம்ம வீட்டுத் தூணு வளைஞ்சா இருக்கு?" என்று அந்த ஆச்சி உண்மையாகவே பதறிப் போனார். அவர் பார்த்தது சரி. ஆனால் இந்த வளைவு சீரானது, ஹுகின் போன்ற இலவச மென்பொருளில் நிமிர்த்திவிடலாம். மலிவு அடாப்டரின் மூலை மங்கலை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, பதிவாகாத பூவை அது எங்கிருந்து கொண்டுவரும்? இரண்டு அடாப்டர்களுக்கும் நடுவில் நான் காண்கிற உண்மையான வித்தியாசம் இதுதான்.

கேனனுடையது கிடைக்காவிட்டால் ஜப்பானின் ரேனாக்ஸ் எச்டி-6600 ப்ரோவைத் தேடலாம். அது 0.66, கணக்குப்படி 23 மி.மீ. வரும். மரை அளவு பலவிதமாக வந்திருக்கிறது, 52-ஐப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த வகையின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாஷின் வெளிச்சத்தைக் குழாய் மறிக்கும், படத்தின் கீழ் மூலையில் அரைவட்ட நிழல் விழும். ஆகவே ஃப்ளாஷை அணைத்துவிட வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரத்திலும் பாதி மறைந்துவிடும், திரையைப் பார்த்தே எடுக்க வேண்டியதுதான். ஜூமைத் தொடாமல் வைடு முனையிலேயே வைத்திருங்கள். மெனுவில் கன்வெர்ட்டர் என்ற அமைப்பில் அடாப்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால்தான் ஐஎஸ், அதாவது கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி, சரியாக வேலை செய்யும். கழற்றியதும் மறக்காமல் மாற்றிவிடுங்கள். வளவின் திறந்த வெளியிலிருந்து வரும் வெளிச்சம் பெரிய முன்கண்ணாடியில் நேராகப் பட்டால் படம் வெளிறும். கையாலோ ஓர் அட்டையாலோ மேலே மறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

தாழ்வாரத்து இருட்டுக்குப் பயப்பட வேண்டாம். அடாப்டர் போட்டதால் வெளிச்சம் பெரிதாகக் குறையாது. ஐஎஸ் இருக்கிறது, தூண்கள் அசைவதில்லை. ஐஎஸ்ஓ-வை (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவை) 80-இல் வைத்து, கேமராவைத் திண்ணை விளிம்பிலோ ஒரு முக்காலியிலோ உட்கார வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுத்தால் மரத்தின் ரேகை வரை வரும்.

அடாப்டரே வேண்டாம், ஒட்டிவிடலாம் என்றால்

இது செலவில்லாத போட்டியாளர். 28 மி.மீ.-யில் தொடங்கும், மரையும் குழாய்க்கு வழியும் இல்லாத கேமரா வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு படத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வருகிற மாதிரி வரிசையாக எடுத்து, ஹுகினில் ஒட்டுவது. கேனனில் இதற்கென்றே ஸ்டிட்ச் அசிஸ்ட் என்று ஒரு முறை உண்டு. முதல் படத்தின் வெளிச்ச அளவையே மற்றவற்றுக்கும் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் வெயிலும் ஓரத்தில் இருட்டுமாக இருக்கும் வளவில் அது பெரிய உதவி. தரத்தில் எந்த அடாப்டரும் இதை எட்டாது, ஏனென்றால் மூலை என்ற ஒன்றே இதில் கிடையாது.

ஆனால் இரண்டு சிக்கல்கள். மூன்றடி தூரத்தில் ஒரு தூண் இருந்து, நீங்கள் நின்ற இடத்தில் உடம்பைத் திருப்பி எடுத்தால், அந்தத் தூண் பின்னால் இருக்கும் தூண்களோடு ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி நிற்கும், ஒட்டினால் வெட்டுத் தெரியும். உடம்பு சுற்றக் கூடாது, லென்ஸை அச்சாக வைத்துக் கேமராதான் திரும்ப வேண்டும். இரண்டாவது, சிலிண்டர் வகையில் ஒட்டினால் தூண்கள் நேராக நிற்கும், உத்தரமும் தரைக்கோடும் வில்லாக வளையும். ரெக்டிலினியர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் நேராகும், ஓரங்கள் மட்டும் கொஞ்சம் இழுபடும். கல்யாண வீட்டில் இந்த முறை செல்லாது. ஆட்கள் நகர்வார்கள், பாதி ஆள் ஒரு படத்திலும் பாதி அடுத்ததிலும் இருப்பார். வளவில் சொந்தபந்தம் கூடி உட்கார்ந்திருக்கும் படத்துக்கு 0.7 அடாப்டர்தான். அப்போதும் பெரியவர்களை நடுவில் உட்கார வையுங்கள், ஓரத்தில் இருப்பவரின் முகம் அகலமாகத் தெரியும்.

மொபைலில் 0.5 இருக்கிறதே என்பார்கள். 13 முதல் 16 மி.மீ. வரை வருவதால் அகலம் தாராளம்தான். வெயிலில் முகப்பை வெளியிலிருந்து எடுக்க அது போதும். ஆனால் அந்த வைடு லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரும்பாலும் முதன்மைக் கேமராவுடையதைவிடச் சிறியது. தாழ்வார நிழலில் செதுக்கலின் நுணுக்கம் அதில் மெழுகிவிடும்.

எல்லாப் படத்துக்கும் வைடு வேண்டும் என்றும் இல்லை. தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலுக்குள் வாசலாக, அடுத்த தெருவில் திறக்கும் பின்கதவு வரை ஒரே நேரில் தெரியுமே, அந்தப் படத்துக்கு அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். வைடு போட்டால் கடைசி வாசல் புள்ளியாகிவிடும். 35 மி.மீ.-யே அதற்கு அழகு, கொஞ்சம் ஜூம் செய்தால் இன்னும் அழகு.

இந்த அடாப்டர்கள் இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். வாங்கப் போகும்போது கேமராவையும் ஒரு டார்ச்சையும் கையோடு கொண்டுபோங்கள். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருப்பது தெரிந்துவிடும், இருந்தால் வேண்டாம். முன்கண்ணாடியில் சின்னக் கீறல் பரவாயில்லை, பின்கண்ணாடியில் கூடாது. மரையில் இரண்டு முறை திருகிக் கழற்றிப் பாருங்கள், சிக்கினால் விட்டுவிடுங்கள். பிறகு கடையின் தரையிலோ கதவு நிலையிலோ ஒரு படம் எடுத்து மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.