வெள்ளைச் சாலையா, தக்கைக் காடா? சியேனாவும் ஜிரோனாவும்

தார்ச்சாலையை விட்டு இறங்கிச் சரளையிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே அகன்ற டயரோடு வருவது கிராவல் சைக்கிள். அதை எடுத்துக்கொண்டு மத்தியதரைக்கடல் நாடுகளில் ஒரு வாரம் சுற்றிவர நினைப்பவர்களில் பலர் கடைசியில் இரண்டு ஊர்களுக்கு இடையில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் உள்ள சியேனா. மற்றது ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள ஜிரோனா. படங்களில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது: குன்றுகள், ஒலிவ மரங்கள், கல் வீடுகள். நான் இரண்டு ஊர்களிலும் ஓட்டியிருக்கிறேன். எந்த ஊர் உங்களுக்கு ஏற்றது என்பதைச் சக்கரத்துக்கு அடியில் கிடக்கும் மண்ணே முடிவுசெய்கிறது என்பது என் அனுபவம். அதனால் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

சியேனாவுக்குத் தென்கிழக்கே விரிந்து கிடப்பது க்ரேத்தே செனேசி என்னும் களிமண் குன்றுகளின் பரப்பு. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் அது. காய்ந்தால் சாம்பல் பூத்தது போல வெளுத்துவிடும். இந்தக் குன்றுகளின் முதுகிலும் வடக்கே கியாந்தித் திராட்சைத் தோட்டங்களின் ஊடாகவும் வெண்சரளை பரப்பி இறுக்கிய சாலைகள் ஓடுகின்றன. இத்தாலியர்கள் அவற்றை 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெள்ளைச் சாலைகள் என்கிறார்கள். வெயில் காலத்தில் அவற்றில் ஓட்டுவது தனிச் சுகம். தரை கெட்டியாக இருக்கும், சக்கரம் சீராக உருளும், முன்னால் போகிறவரின் பின்னே மாவு தூவியது போலப் புழுதி எழும்.

மழை பெய்தால் கதை மாறிவிடும். என் முதல் பயணம் ஒரு மார்ச் மாதம். இரவெல்லாம் கொட்டிய மழை காலையில் விட்டிருந்தது. அஷானோ என்ற சிற்றூர் அருகே வெள்ளைச் சாலை வரைக்கும் தொல்லை இல்லை. தூரத்தைக் குறைக்கலாம் என்று வயலோரமாகப் பிரிந்த ஒரு வண்டித்தடத்தில் இறங்கினேன். இருநூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், முன்சக்கரம் நின்றுவிட்டது. டயருக்கும் அதைத் தாங்கும் கவைக்கும் நடுவே சாம்பல் நிறக் களி கெட்டி மாவு போல அப்பிக்கொண்டிருந்தது. குச்சியால் குடைந்து எடுத்தேன், பத்தடி தள்ளினேன், மீண்டும் அப்பியது. கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலைக்குத் திரும்பினேன். மாலைக்குள் அந்தக் களி செங்கல்லாக இறுகிவிட்டது. பிரேக் இடுக்கிலிருந்து அதைக் கீறி எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. மழைக்கு மறுநாள் அங்கே வெள்ளைச் சாலையை விட்டு விலகவே கூடாது.

ஜிரோனாவுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. நகரின் தென்கிழக்கே தொடங்கும் கவாரஸ் மலைகளில் பல இடங்களில் கருங்கல் சிதைந்து உண்டான பருமணல்தான் தரை. கட்டலான் மொழியில் அதற்குச் 'சௌலோ' என்று பெயர். பெய்த மழையைக் கீழே இறக்கிவிடும், மறுநாளே ஓட்டலாம். ஆனால் வறண்ட மாதங்களில் அந்த மணல் உதிரியாகிவிடுகிறது. இறக்கத்தின் வளைவில் கடுகைக் கொட்டி அதன்மேல் ஓட்டுவது போல முன்சக்கரம் நழுவும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைப் பிடித்தால் விழுவது உறுதி. சியேனாவில் 38 மி.மீ. டயர் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஜிரோனாவுக்கு 42 அல்லது 45 போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றங்களின் குணமும் வேறு. கவாரஸின் உச்சியே 530 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரே மூச்சாக ஏறுவோம், ஒரு தாளம் கிடைக்கும், மேலே போய்ச் சேர்வோம், பிறகு நீண்ட இறக்கம். சியேனாவில் எந்த ஏற்றமும் நீளமில்லை, ஆனால் முடிவதே இல்லை. ஒரு குன்றிலிருந்து இறங்கிய வேகம் அடுத்ததின் பாதியில் தீர்ந்துபோகும். மீதியைக் கால்தான் இழுக்க வேண்டும். சில இடங்களில் செங்குத்து 15 சதவீதத்தைத் தாண்டுகிறது. வரைபடத்தில் 80 கி.மீ. என்று பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முன்பக்கம் இருப்பதிலேயே சிறிய கியர் பல்சக்கரத்தை மாட்டிக்கொண்டு போங்கள்.

நிழல் விஷயத்தில் ஜிரோனாவுக்கே என் ஓட்டு. கவாரஸ் முழுக்கத் தக்கை ஓக் காடு. பட்டை உரித்த மரங்கள் இடுப்பளவிலிருந்து கீழே செம்பழுப்பாக, மேலே சாம்பல் நிறத்தில் முரட்டுப் பட்டையோடு நிற்கும். உரித்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன், தேய்த்த மரப்பலகை போல வழுவழுப்பாக இருந்தது. பட்டை மீண்டும் வளர்ந்து அடுத்த உரிப்புக்குத் தயாராகப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். ஜிரோனாவிலிருந்து ஏறினால் 485 மீட்டர் உயரத்தில் எல்ஸ் ஆஞ்சல்ஸ் என்ற சிறு தேவாலயம் வரும். ஓவியர் சால்வடார் டாலி 1958-இல் தன் துணைவி காலாவைத் தேவாலய முறைப்படி மணந்துகொண்டது இங்கேதான். அது வரை தார்ச்சாலை. அதன் பிறகு காட்டுத்தடங்கள் நாலாபுறமும் பிரிகின்றன. ஒரு மணி நேரம் போனாலும் எதிரே ஒரு ஆள் வர மாட்டார்.

அந்தத் தனிமைக்கு விலை உண்டு. கோடையில் காட்டுத்தீ அபாயம் முற்றினால் அரசு சில மலைகளுக்குள் நுழையவே தடை விதித்துவிடும். கிளம்பும் அன்று காலையில் விசாரித்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்து வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். தடத்தின் வாயில் அறிவிப்புப் பலகையைக் கண்டால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். குடிநீரும் வழியில் கிடைக்காது.

சியேனாவின் வெள்ளைச் சாலைகளில் மனிதர்கள் இருக்கிறார்கள். அவை இன்றும் ஊரையும் பண்ணையையும் இணைக்கும் பொதுச்சாலைகள். டிராக்டர் வரும், அஞ்சல் வண்டி வரும், புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் வரும். சிலருக்கு இது குறையாகத் தெரியலாம். எனக்கு அந்த நாட்டின் அழகே அதுதான். இந்தச் சாலைகள் இன்னும் வெள்ளையாக இருப்பதில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொன்றாகத் தார் போட்டு மூடிக்கொண்டு வந்த காலத்தில், அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜியான்கார்லோ புரோச்சி 1997-இல் கயோலே என்ற கியாந்திச் சிற்றூரிலிருந்து 'லெரோயிகா' ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கானோர் பழைய இரும்புச் சைக்கிளும் கம்பளிச் சட்டையுமாக வருகிறார்கள். அதன் 209 கி.மீ. பாதை, ஏறத்தாழப் பாதி சரளையாக, ஆண்டு முழுவதும் வழிகாட்டிப் பலகைகளோடு திறந்தே இருக்கிறது. அதிலிருந்து பிறந்ததுதான் 2007-இல் தொடங்கிய 'ஸ்த்ராதே பியாங்கே' தொழில்முறைப் பந்தயம். 16 சதவீதச் செங்குத்தில் சாந்தா கத்தரீனா தெருவில் ஏறி, சியேனாவின் காம்போ சதுக்கத்தில் முடிகிறது. அதை மூன்று முறை வென்ற ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரை மோந்தே சாந்தே மரியே என்ற 11.5 கி.மீ. சரளைத் துண்டுக்குச் சூட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அந்தத் துண்டை ஓட்டுங்கள்.

தங்கும் வசதி என்று பார்த்தால் ஜிரோனா எளிது. பார்சிலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் நாற்பது நிமிடம். தொழில்முறை வீரர்கள் பலர் வசிக்கும் ஊர் என்பதால் வாடகைச் சைக்கிளும் பழுது பார்க்கும் கடையும் தெருவுக்குத் தெரு உண்டு. அறையை மாற்றாமலேயே தினம் ஒரு திசையில் போய் வரலாம். சியேனாவில் நகருக்குள் தங்கினால் தினமும் வாகன நெரிசலில்தான் கிளம்ப வேண்டும். கயோலேயிலோ அஷானோவிலோ தங்குங்கள். அஷானோவுக்கு ரயிலும் இருக்கிறது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் ஏற்றத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் விடை ஒன்றுதான்: ஜிரோனாவின் கரிலெட் பாதை. 1969-இல் மூடிய குறுகிய ரயில்பாதையைச் சைக்கிள் தடமாக மாற்றியிருக்கிறார்கள். எரிமலைக் குன்றுகளுக்கு நடுவே உள்ள ஓலோட்டிலிருந்து ஜிரோனாவுக்கு ஏறத்தாழ 55 கி.மீ., அங்கிருந்து கடலோரச் சான் ஃபெலியுவுக்கு இன்னும் 40 கி.மீ. ஓலோட்டில் தொடங்கினால் பெரும்பாலும் இறக்கம்தான்.

இதே வகையில் இன்னொன்றும் உண்டு, இத்தாலியின் திரியெஸ்தேயிலிருந்து ஸ்லோவேனியா வழியாகக் குரோஷியாவின் போரெச் வரை போகும் பாரென்சானா. 1902 முதல் 1935 வரை ரயில் ஓடிய 123 கி.மீ. தடம். சுரங்கங்களும் பாலங்களும் மோட்டோவுன் மலையூரும் கண்ணுக்கு விருந்து. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும் என்பதால் ஒரு வாரப் பயணத்துக்கு இதை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

ஆக, மார்ச்சிலும் நவம்பரிலும் விடுப்பு கிடைத்தால் ஜிரோனா. மே கடைசி, செப்டம்பர் என்றால் சந்தேகமே இல்லாமல் சியேனா. ஜூலை, ஆகஸ்ட்டில் க்ரேத்தேயில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடைக்காது, ஜிரோனாவில் காட்டுத்தீத் தடை குறுக்கிடலாம்; அப்போது இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் லெரோயிகாவுக்கு 1987-க்கு முன் செய்த சைக்கிள் வேண்டும். அப்படி ஒன்றை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். நீண்ட பாதைக்காரர்கள் விடியுமுன் கயோலேயிலிருந்து கிளம்பி, இருபுறமும் விளக்குகள் ஏற்றிவைத்த வெள்ளைச் சாலையில் புரோலியோ கோட்டைக்கு ஏறுகிறார்கள்.