ஆமைக்கு வெயில் விளக்கு செட்: பல்பு சரி, மற்றதெல்லாம் தண்டம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அந்த மூன்றும் சூடு தருகிற பல்புக்கு மட்டும்.

பெட்டிக்குள் 75 வாட் ஹீட் பல்பு, 26 வாட் யூவிபி (புற ஊதாக் கதிர்) பல்பு, கிளிப் வைத்த ஹோல்டர், தொட்டிச் சுவரில் ஒட்டுகிற வட்ட தெர்மாமீட்டர் இருக்கின்றன. பல்பு இரண்டு, ஹோல்டர் ஒன்று, இது எந்த ஊர்க் கணக்கோ தெரியவில்லை. 'ஆமைக்குப் பசியைத் தூண்டும்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது, ஆனால் அதில் பாதி உண்மை.

எங்கள் வீட்டில் இருப்பது சல்காட்டா குட்டி, சகாராவுக்குத் தெற்கே வறண்ட பூமியைச் சேர்ந்த இனம். ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, வெளியே சூடு கிடைத்தால்தான் அதன் குடலே வேலை செய்யும். ஐப்பசி கார்த்திகையில் மயிலாடுதுறைப் பக்கம் வெயில் தலைகாட்டாமல் தரையெல்லாம் ஈரம் பூத்துக் கிடக்கும்போது அது எப்படிச் சாப்பிடும்? மழைக்காலத்தில் தூங்குகிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், சல்காட்டாவுக்கு அப்படி நீண்ட உறக்கம் கிடையாது. குளிர்ந்து கிடக்கிற ஆமையின் வாயில் கீரையைத் திணிப்பதும் தப்பு, உள்ளே போனது செரிக்காமல் அழுகும். முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அதன் பிறகுதான் தீனி.

அந்த முதல் வேலையை ஹீட் பல்பு நன்றாகவே செய்கிறது. பல்புக்கு நேர் கீழே ஓட்டின் உயரத்தில் 35 முதல் 38 டிகிரி வர வேண்டும், எதிர்மூலை 27, 28 டிகிரியில் இருக்க வேண்டும், சூடு அதிகமானால் ஆமை நகர்ந்து போக இடம் வேண்டுமே. கிளிப்பை ஏற்றி இறக்கி அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் கூடவே வருகிற தெர்மாமீட்டர் வெறும் பொம்மை, அது ஒட்டியிருக்கிற சுவரின் சூட்டைத்தான் காட்டும். கன் மாதிரி நீட்டிப் பார்க்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், செட்டிலேயே இல்லாத அதுதான் எனக்கு அதிகம் உதவியது.

ஹோல்டருக்குத் தாராளமாக ஒரு நட்சத்திரம் குறைக்கலாம். உள்ளே பிளாஸ்டிக், 75 வாட் பல்பு நாள் முழுக்க எரிந்தால் இளகும். பல்பு இரண்டும் திருகுகிற ரகம், நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பதோ பின் வைத்த ஹோல்டர், அதனால் சும்மா மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எலக்ட்ரிக்கல் கடையில் திருகு ரகப் பீங்கான் ஹோல்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள், விலையும் சொற்பம்தான். இரவில் வெளிச்சம் வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டு ஆமையை ஈரம் படாத, குளிர் ஏறாத இடத்தில் வையுங்கள். மழையில் கரண்ட் போவது இங்கே வாடிக்கை, ஹீட் பல்பை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறேன்.

பெட்டியில் போட்டிருக்கிற படத்தைப் பார்த்துக் கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் ஆமை வெந்துபோகும்.

சூடு சரியான பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கிற அளவு ஆழத்தில், இருபது நிமிடம் உட்கார வைக்கலாம். பெரும்பாலும் அதிலேயே மலம் கழித்துவிடும், குடல் நகர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அப்புறம் அருகம்புல், செம்பருத்தி இலை, முசுக்கொட்டை இலை. சம்பாவுக்கு மருந்து அடித்திருக்கிற சமயத்தில் வரப்புப் புல்லைப் பிடுங்காதீர்கள். எங்களுடையது முதலில் தொட்டது செம்பருத்திப் பூவை, புல்லுக்கு வர இன்னும் சில நாள் ஆனது. சோறு, பிரெட், பழம் எதுவும் வேண்டாம்.

கடையில் பசிக்கென்று வைட்டமின் சொட்டு மருந்தும் நீட்டுவார்கள், அந்தப் பணத்துக்கு இன்னொரு பல்பு வாங்கலாம். மூக்கில் குமிழி, வீங்கிய கண், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இதில் ஒன்று தெரிந்தாலும், அல்லது சூடு சரியாக இருந்தும் ஒரு வாரம் தீனியைத் தொடாவிட்டாலும், விளக்கை நம்பிக் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் கொண்டுபோங்கள். டெல்டாக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யாரிடம் போனாலும் ஒன்றை நினைவில் வையுங்கள், மாட்டுக்கும் நாய்க்கும் புழு, உண்ணிக்குப் போடுகிற ஐவர்மெக்டின் மருந்து ஆமைக்கு விஷம்.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்' என்று ஆரம்பிக்கிற அப்பாயி எல்லார் வீட்டிலும் உண்டு. சல்காட்டாவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் பழமொழியின் பின்பாதியும் பலித்துவிடும். நட்சத்திர ஆமை வைத்திருப்பதோ நேராகவே குற்றம், அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம்.

யூவிபி பல்பைப் பற்றி இதுவரை பேசாததற்குக் காரணம், அது வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓடு உறுதியாக வளர அந்தக் கதிர் வேண்டும், நடுவில் கண்ணாடி இருந்தால் இறங்காது. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கதிர் குறைந்துவிடும். மாட்டிய தேதியை ஹோல்டர் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். தை பிறந்து வெயில் வந்தால் கொல்லையில் நிழலும் உள்ள இடமாகப் பார்த்துக் காலையில் விட்டுவிடுங்கள், காசில்லாமல் இதைவிட நன்றாகக் கிடைக்கும்.