அம்மாவின் ரெமிங்டனுக்கு மறுபடி உயிர்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம், ஒரு ஆள் நுழையும் அகலத்தில் டைப்ரைட்டர் பழுதுபார்க்கும் கடை. போர்டுகூடக் கிடையாது. அம்மா கோர்ட்டு வாசலில் ஜாப் டைப்பிங் செய்த தமிழ் ரெமிங்டனை அங்கே கொடுத்தேன். எங்கள் வீடு குளச்சலில். கடற்காற்றில் ஸ்பிரிங் எல்லாம் துரு.

"மக்களே, உப்புக்காத்து பட்ட மெஷினுக்கு உறைபோட்டா போதாது, தினமும் அடிக்கணும்" என்றார் அண்ணாச்சி. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து எழுத்து பொறித்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ரோலர் கல்லாக இறுகியிருந்தது. புது ரப்பர் சுற்றினார்.

புள்ளி மட்டும் எழுத்தின் மேல் விழாமல் தள்ளி விழுந்தது. தமிழ் மெஷினில் புள்ளிக்கு நகரா விசை: முதலில் புள்ளி, தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் அசையாது, அப்புறம் எழுத்து. 1930களில் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா யோசித்துச் செய்த ஏற்பாடு. நமது 247 எழுத்தை அந்தச் சின்னப் பலகைக்குள் அடக்கியது அந்த வித்தைதான். அதைச் சரிசெய்ய மட்டும் அண்ணாச்சிக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

குறை? ஒரு வாரம் என்றவர் ஐந்து வாரம் இழுத்தார். போன் எடுக்கவே மாட்டார். கூலி 1,800 ரூபாய், ரிப்பன் தனி. நியாயம்தான். ஆனால் பில் கேட்டால் சிரிக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடி போடாமலே ஒரு வரி அடித்தாள். வரி முடிவில் பெல் அடித்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஐஸ் வண்டி என்று வெளியே ஓடினான்.